மடைவாயில் கேட்டது

"நாம கல்யாணம் பண்ணிக்கிட்டா மொத்தம் எத்தனை நாள் சேர்ந்து இருப்போம்? கணக்குப் போட்டுப் பாத்தீங்களா?"

"பாத்தேன். எல்லாக் கைமாற்றையும் கூட்டினா பத்து மாசம் தேறும்."

"ஒரு ஆயுசுக்குப் பத்து மாசமா!"

"மத்தவங்க முப்பது வருஷம் ஒண்ணா இருக்காங்க. அதுல பத்து மாசம்தான் முகம் குடுத்துப் பேசிக்கிறாங்க. நாம அந்தப் பத்து மாசத்தை மட்டும் எடுத்துக்கப் போறோம், அவ்வளவுதான்."

அன்று நிறைமதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்ததும் செந்தூரனிடம் ஒன்று கேட்க நினைத்தாள். கேட்கவில்லை. அந்தப் பேச்சு நடந்து, ஊரின் கணக்கில் இரண்டு லட்சம் ஆண்டுகள் ஆகிவிட்டன. அவளுடைய உடம்பின் கணக்கில் பத்து ஆண்டுகள். கேட்க நினைத்தது மட்டும் தொண்டையில் அப்படியே இருந்தது.

துயில்பேழையின் மூடி திறக்கும்போதெல்லாம் அந்தப் பேச்சுதான் அவளுக்கு முதலில் நினைவுக்கு வரும். பிறகுதான் தன் பெயர் வரும். அதற்கும் பிறகுதான் குளிர் உறைக்கும்.

"எந்திரி கண்ணு. பத்தாயிரம் வருஷம் தூங்கினது போதாதா? எம் மருமககூட இவ்வளவு தூங்க மாட்டா."

பரிபூரணத்தக்காவின் குரல். ஊரின் எழுப்புநர் அவர். ஒவ்வொரு முறையும் இதே வேடிக்கையைச் சொல்வார். மருமகள் மூன்றாம் அடுக்கில், நாற்பதாயிரம் பேரில் ஒருத்தியாக உறங்கிக்கொண்டிருந்தாள். அக்கா நிறைமதியின் முதுகைத் தாங்கி உட்காரவைத்து, உப்புப் போட்ட வெதுவெதுப்பான கஞ்சியை வாயருகே பிடித்தார். விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார்.

"அவர் எழுந்துட்டாராக்கா?"

"எழுப்பியாச்சு. வழக்கம்போல எழுந்ததும் 'நிறை எங்கே'ன்னுதான் கேட்டாரு. பின்ன எங்க போயிருப்பா, சந்தைக்கா?"

அகவூரில் விழிப்பு என்பது பத்தாயிரம் ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவது. அப்போதும் மூன்று பேர்தான் எழுவார்கள். எழுப்புநர் ஒருவர், கணவனும் மனைவியுமான செவியாளர் இருவர். சென்ற விழிப்பில் காவல் இருந்தவர், இந்த விழிப்பில் காவல் ஏற்பவருக்குப் பொறுப்பை வாய்மொழியாகக் கைமாற்ற வேண்டும். அதற்கு ஐந்து நாள். ஐந்தாம் நாள் முடிவில் முன்னவர் பேழைக்குத் திரும்பிவிடுவார், எழுப்புநரும் உறங்கிவிடுவார். காவல் ஏற்றவர் ஓராண்டு தனியே விழித்திருந்து, வேலையை முடித்துவிட்டுத் தானும் படுத்துக்கொள்வார். மறுபடி பத்தாயிரம் ஆண்டுகள் ஊரில் ஒரு விளக்கும் எரியாது.

கணவனும் மனைவியும் ஒரே காவலில் சேர்ந்து விழித்திருக்கக் கூடாது. 'இரண்டு செவியும் ஒன்றாகத் தேயக் கூடாது' என்பது ஊரின் விதி. நிறைமதி கேட்க நினைத்ததும் கேட்க முடியாமல் இருந்ததும் அதுதான். ஒரே ஒரு காவலுக்காவது என்னோடு விழித்திருங்கள் என்று. கேட்டால் அவன் மறுக்க மாட்டான். அதனாலேயே கேட்கக் கூடாது என்று இருந்தாள். இந்த முறை காவல் அவளுடையது. ஐந்து நாளில் அவன் போய்விடுவான்.

செந்தூரன் கூடத்து வாசலில் நின்றிருந்தான். காதோரம் நரை கொஞ்சம் கூடியிருந்தது. அவள் உறங்கிய காலத்தில் அவன் தனியே கழித்த ஓராண்டின் நரை. அவள் அதைத் தொட்டுப் பார்த்தாள்.

"கிழவனாயிட்டு வர்றீங்க."

"நீ மட்டும் என்னவாம்? உன் போன காவலுக்கு முன்ன இந்தச் சுருக்கம் இல்லையே." அவன் அவள் கண்ணோரத்தைச் சுட்டினான். "யாரைப் பாத்துச் சிரிச்சே, ஒரு வருஷமா? ஊர்ல ஆளே இல்லையே."

முதல் நாள் இப்படியே கழிந்தது. இரண்டு பேரும் ஆளில்லாத வீதிகளில் கைகோத்து நடந்தார்கள். பூட்டிய வீடுகளின் பெயர்ப்பலகைகளைப் படித்தார்கள். சமையலறையில் அவன் அவளுக்காக ரசம் வைத்தான், புளி தூக்கலாக. கைமாற்றுப் பேச்சை அவன் எடுக்கவேயில்லை. வழக்கமாக அதை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றதெல்லாம் என்பான். மறுநாள் காலை அவளாகவே கேட்டாள்.

"திரட்சி எத்தனை?"

"மூணு."

"உலுக்கினது?"

அவன் ரசக் கிண்ணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். துடைத்த கிண்ணத்தையே மறுபடியும் துடைத்தான். "மூணும்தான்" என்றான்.

அகவூர் ஒரு காலத்தில் கப்பல். பழுதாகி நின்ற இடத்தில் ஊரானது. அது நின்ற இடம், பால்வீதியின் நடுவயிறு. பால்வீதி ஒரு பட்டைச் சுருள் மண்டலம். அதன் மையத்தில் கோடானுகோடி விண்மீன்கள் நீண்ட பட்டையாகச் சேர்ந்து சுழல்கின்றன. அந்தப் பட்டையின் இழுப்புக்கு ஆளாகும் வாயு தன் சுழற்சியை இழந்து, இரண்டு பெரும் வாய்க்கால்களில் உள்நோக்கி ஓடிவரும். வந்து, மையத்தைச் சுற்றியிருக்கும் வளையத்தில் விழும். விழுகிற இரண்டு இடங்களுக்கும் மடை என்று பெயர் வைத்திருந்தார்கள். அகவூர் முதல் மடையின் ஓரமாக, பட்டையோடு சேர்ந்து சுழலும்படி விசைநங்கூரத்தால் கட்டப்பட்டிருந்தது. ஓடிவரும் வாயுவிலிருந்து இரும்பையும் ஆக்சிஜனையும் அதன் சல்லடைகள் துளித்துளியாகச் சேர்த்தன. போதிய அளவு சேர்ந்தால் கப்பலைச் செப்பனிட்டுக் கிளம்பலாம். அதுவரை எல்லோருக்கும் உறக்கம்.

ஆபத்து ஒன்றுதான். வாய்க்காலில் ஓடுகிற வரை வாயு விண்மீன் ஆகாது, ஓட்டமே அதைப் பிய்த்துப் போட்டுவிடும். வளையத்தில் விழுந்து, வேகம் தணிந்து, நெருக்கியடித்து நிற்கும் இடத்தில்தான் திரட்சி உண்டாகும். திரட்சி தன் எடையிலேயே தனக்குள் விழத் தொடங்கினால் ஒருநாள் விண்மீன் பற்றிக்கொள்ளும். மடைக்கருகே பெரிய விண்மீன் ஒன்று பிறந்துவிட்டால் அதன் ஒளியே சுற்றியுள்ள வாயுவை ஊதித் தள்ளிவிடும், சல்லடைகள் வறண்டுபோகும். பிறகு அது வெடிக்கும்போது ஊரே இருக்காது. அதனால் மடையருகில் விண்மீன் பிறக்கக் கூடாது. பிறக்கப் பார்க்கும் திரட்சியைச் செவியாளர் கண்டுபிடித்து, உலுக்கி எனும் கருவிக்கூட்டத்தை அனுப்பிச் சூடேற்றிக் கலைத்துவிட வேண்டும்.

கண்டுபிடிப்பது காதால். பத்தாயிரம் ஆண்டுகள் வாயு அசைந்த அசைவையெல்லாம் பதிவுசெய்து, ஒரு மணி நேர ஓசையாகச் சுருக்கித் தரும் ஓசைமாற்றி. வெறுமனே அடர்ந்திருக்கும் வாயு இரையும். விழத் தொடங்கிய வாயு முனகும். ஸ்கிரீனில் தெரியும் கோடுகளைவிட மனிதச் செவிக்கு அந்த வேறுபாடு முன்னதாகவே பிடிபட்டுவிடும். ஆனால் சொல்லிக்கொடுத்த செவி, சொன்னதைத்தான் கேட்கும். ஆகவே, கேட்டது எப்படி இருந்தது என்று செவியாளர் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவே கூடாது. எத்தனை திரட்சி, எத்தனை உலுக்கல், அவ்வளவுதான் பேச்சு. கணவன் மனைவி என்றாலும் அதே விதிதான்.

நிறைமதி செவியறைக்குள் தனியே நுழைந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனை மாட்டினாள்.

முதலில் வாய்க்கால் கேட்டது. நெடுந்தொலைவில் கல்லும் மணலும் உருண்டு வருவது போன்ற அதே பழைய இரைச்சல். பிறகு மடை. ஓட்டம் ஓட்டத்தோடு மோதுகிற குமுறல். அவள் குமிழை மெல்லத் திருப்பி வளையத்துக்குள் போனாள். ஏற்கனவே பழகிய இருட்டு வீட்டில் நடப்பதுபோல அவள் கை தானாகவே ஓரிடத்துக்குப் போனது.

அங்கே அது இருந்தது.

எட்டுக் காவல்களுக்கு முன்பு முதன்முதலாக அதைக் கேட்ட நாள் அவளுக்கு மறக்கவில்லை. மிக மெலிதாக, மூன்று முறை இழுத்து, ஒரு கணம் நின்று, பிறகு நீளமாக விட்ட மூச்சு. செந்தூரன் உறங்கும்போது அப்படித்தான் மூச்சுவிடுவான். கைமாற்று நாட்களில் மட்டும் அவள் கேட்க வாய்த்த மூச்சு. ஆளில்லாத ஊரில், விளக்கணைத்த அறையில், ஓராண்டுத் தனிமையின் நடுவே, அந்த மூச்சு அவள் காதருகே வந்து படுத்தது. உலுக்கியை அனுப்பினாள். ஆனால் முழு விசையில் அனுப்பவில்லை. கால் விசைதான் வைத்தாள். சும்மா சிதறட்டும், அடுத்த காவலில் அவர் மீதியைப் பார்த்துக்கொள்வார் என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய அடுத்த காவலில் அது மறுபடி இருந்தது. அதற்கடுத்த காவலிலும் இருந்தது. ஒவ்வொரு முறையும் அவள் கால் விசை வைத்தாள். ஒவ்வொரு முறையும் கைமாற்றில் "எல்லாம் உலுக்கியாச்சு" என்றாள்.

இப்போது அது மெலிதாக இல்லை. இடைவெளிகள் சுருங்கியிருந்தன. அறை முழுவதும், சுவர்களுக்குப் பின்னாலும், அவள் முதுகுக்குப் பின்னாலும் யாரோ ஆழ்ந்து உறங்குவதுபோல் இருந்தது. ஹெட்போனைக் கழற்றினாள். கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் கேட்டது.

ஸ்கிரீனைத் திறந்து எடையைப் பார்த்தாள். உலுக்கிகள் அத்தனையையும் முழு விசையில் அனுப்பினாலும் இனி அதைக் கலைக்க முடியாது. கால் விசையில் கலைத்த வாயு எங்கும் போய்விடவில்லை, சுற்றிவந்து அதே இடத்தில் சேர்ந்திருந்தது. மடை புதிதாக ஊட்டியதும் அதோடு கூடியிருந்தது. ஆனால் கணக்கில் ஏதோ இடித்தது. அவளுடைய காவல்களில்தானே கால் விசை? இடையிடையே வந்த அவனுடைய காவல்களில் முழு விசை பட்டிருந்தால் இத்தனை தூரம் வளர்ந்திருக்காதே.

வெளியே வந்தபோது செந்தூரன் நடைவழியில் தரையில் உட்கார்ந்திருந்தான். எத்தனை நேரமாக அப்படி இருந்தானோ.

"உள்ள வாங்க" என்றாள்.

"ரெண்டு பேரும் சேர்ந்து கேக்கக் கூடாது நிறை."

"கூடாதுதான். வாங்க."

அவள் ஹெட்போன் இணைப்பைப் பிடுங்கி ஓசையை ஸ்பீக்கருக்கு மாற்றினாள். அறை நிறைந்தது. அவன் கண்ணை மூடிக்கொண்டான். அவன் முகத்தில் வந்த இளக்கத்தைப் பார்த்ததுமே அவளுக்குப் புரிந்துவிட்டது.

"எவ்வளவு விசை வெச்சீங்க?"

"அரை." பிறகு, "பொய் சொல்றேன். கால்கூட வைக்கல" என்றான்.

"நான் கால் வெச்சேன்."

"நீயுமா?" அவன் கண்ணைத் திறந்தான். "நீ முழுசா உலுக்கிடுவேன்னு நெனச்சு நான்... நீதான் எப்பவும் சரியா செய்வியே."

"நானும் உங்களைப் பத்தி அப்படித்தான் நெனச்சேன்."

அவனுக்குச் சிரிப்பு வரப் பார்த்தது, பாதியில் நின்றுவிட்டது.

"உங்களுக்கு இது என்னவா கேக்குது?" என்று அவள் கேட்டாள்.

ஊர் தோன்றிய நாள் முதல் எந்தச் செவியாளரும் கேட்டிராத கேள்வி அது. அவன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "தலை பின்னிக்கும்போது நீ ஒண்ணு முனகுவியே. பாட்டும் இல்லாம, பேச்சும் இல்லாம. அது. முதல்தடவை கேட்டப்ப நீதான் எழுந்துட்டியோன்னு பேழை வரைக்கும் ஓடிப்போய்ப் பாத்தேன்."

"எனக்கு உங்க மூச்சு கேக்குது. தூங்கறப்ப வர்ற மூச்சு."

"இப்பவுமா?"

"இப்பவும்."

ஒரே அறையில், ஒரே ஸ்பீக்கரிலிருந்து, ஒரே நேரத்தில். அவர்களுக்கு முன்னே இருந்தது அவனுடைய மூச்சும் இல்லை, அவளுடைய முனகலும் இல்லை. ஒளிகூட ஆண்டுக்கணக்கில் நடந்து கடக்க வேண்டிய அகலத்துக்குக் குளிர்ந்த இருட்டு ஒன்று தனக்குள் விழுந்துகொண்டிருந்தது. அதற்குக் காது கிடையாது, இவர்களைத் தெரியாது. அப்படித்தான் அவள் படித்திருந்தாள்.

பரிபூரணத்தக்காவிடம் சொல்லத்தான் வேண்டும். சொன்னார்கள். அக்கா முதலில் நம்பவில்லை. "ரெண்டு பேரும் சரியா சாப்பிடாம கெடந்தா காதுல எல்லாம் கேக்கும்" என்று சொல்லிக்கொண்டே செவியறைக்குள் வந்தார். கொஞ்ச நேரம் இடுப்பில் கை வைத்து நின்றார். பிறகு கை நழுவியது. உதடு எதையோ சொல்லப் பார்த்தது. யாருக்கோ பதில் சொல்வதுபோல், "இதோ வர்றேன்டா" என்றார்.

"அக்கா?"

"அணைச்சிருங்க அதை." அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு வெளியே போனார். என்ன கேட்டது என்று அவர் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை. ஆனால் அன்று மாலை அவராகவே வந்து, "ஊர் மன்றத்தை எழுப்பறேன். அஞ்சு பேரும் வந்து கேக்கட்டும். உங்களுக்கு நான் பரிஞ்சு பேச மாட்டேன், சொல்லிட்டேன். நாப்பதாயிரம் உசிரு" என்றார். கண் சிவந்திருந்தது.

மன்றத்தின் ஐந்து பேரும் கஞ்சி குடித்த கையோடு செவியறைக்கு வந்தார்கள். நிறைமதி தண்டனையை எதிர்பார்த்து நின்றாள். இனி இருவரையும் காவலிலிருந்து நீக்கி வெவ்வேறு அடுக்கில் உறங்கவைப்பார்கள் என்பது அவள் பயம். அப்படிச் செய்தால் அந்த ஐந்து நாளும் போய்விடும். அவர்களில் மூத்தவரான திருவரங்கம் உள்ளே வரும்போதே கோபத்தோடு வந்தார். "கடமையில விளையாட்டா? எவ்வளவு விசை இருக்கோ அவ்வளவையும் ஏவிப் பாக்கலாம். முடியலேன்னா அப்புறம் யோசிக்கலாம்" என்றார். அப்போது ஓசை இன்னும் போடப்படவில்லை.

போட்டார்கள்.

ஒருவரும் மற்றவர் முகத்தைப் பார்க்கவில்லை. ஒருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். ஒருவர் தலையைச் சாய்த்து, கூட்டத்தில் தன்னை அழைத்தவரைத் தேடுவதுபோல அறையின் மூலையைப் பார்த்தார். ஓசை முடிந்ததும் திருவரங்கம் ஸ்பீக்கரின் மேல் கை வைத்தார்.

"உலுக்க வேணாம்" என்றார்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. நிறைமதியைத் தண்டனைப் பயத்தைவிட அந்த மௌனம்தான் அதிகம் உலுக்கியது. உலுக்கிகளை ஏவியிருந்தால் பயன் இருந்திருக்காது என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் பயன் இருக்குமா என்றுகூட இந்த ஐந்து பேரில் ஒருவரும் விசாரிக்கவில்லை. முன்பு காவல் இருந்த செவியாளர்கள் எத்தனை பேர் இப்படி ஒவ்வொரு திரட்சியிலும் ஒவ்வொருவரைக் கேட்டிருப்பார்கள்? அவர்கள் எப்படி முழு விசை வைத்தார்கள்? விலகி இருக்கும் மனத்துக்குத் தான் ஏங்கும் குரல்தான் எந்த இரைச்சலிலும் கேட்கும் என்று ஒரு விளக்கம் சொல்லலாம். பிறக்க நினைக்கும் ஒன்று, தன்னைக் கலைக்க வருகிறவர்களிடம் எந்தக் குரலில் பேசினால் தப்பிக்கலாம் என்று அறிந்திருக்கிறது என்று இன்னொரு விளக்கமும் சொல்லலாம். இரண்டாவதை அவள் செந்தூரனிடம்கூடச் சொல்லவில்லை.

முடிவு எளிதாகவே எடுக்கப்பட்டது. விசைநங்கூரத்தை அவிழ்த்துவிடுவது. அவிழ்த்தால் வளையத்தின் ஓட்டமே அகவூரைச் சுமந்து, மையத்தைப் பாதி சுற்றி, இரண்டாம் மடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும். அதற்கு இருபது லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதுவரை சல்லடை வேலை இல்லை, காவலும் இல்லை. எழுப்ப வேண்டிய அவசியமும் இல்லை. கப்பல் தானே பார்த்துக்கொள்ளும். எல்லோரும் ஒரே நீண்ட உறக்கம் உறங்கலாம். இந்தத் திரட்சி தன் போக்கில் விழட்டும், எரியட்டும்.

"உங்க ரெண்டு பேரையும் என்ன செய்யறதுன்னு அங்க போய்ச் சேர்ந்தப்புறம் முடிவு பண்ணிக்கலாம்" என்று திருவரங்கம் பேழையில் படுத்தபடி சொன்னார். மூடி இறங்குவதற்கு முன், கொஞ்சம் தணிந்த குரலில், "கடைசியா ஒருதரம் அதைப் போடறீங்களா?" என்று கேட்டார். நிறைமதி போட்டாள். அவர் புன்னகையோடு உறங்கினார். அது பார்க்க நன்றாக இல்லை.

நங்கூரம் அவிழ்ந்தபோது ஊர் லேசாகக் குலுங்கி அடங்கியது. அவ்வளவுதான். ஆனால் தரைக்கடியில் நங்கூரமிட்ட நாள் முதல் இருந்த அதிர்வு நின்றுபோனதால் நடைவழிகளில் காலடிச் சத்தம் விநோதமாகக் கேட்டது.

கடைசியாக மூன்று பேழைகள் திறந்திருந்தன. பரிபூரணத்தக்கா இருவருடைய பேழைகளையும் இந்த முறை பக்கத்தில் பக்கத்தில் இழுத்துப் போட்டிருந்தார்.

"முதல்முதலா ரெண்டு பேரும் ஒரே நேரத்துல பேழையில படுக்கப் போறீங்க. சண்டை போடாம தூங்குங்க" என்றார். தானே தன் பேழையில் ஏறிப் படுத்து, போர்வையைச் சரிசெய்துகொண்டார். "விளக்கை அணைச்சுட்டு வாங்க. மறந்துடாதீங்க." அவருடைய மூடி இறங்கியது.

செந்தூரன் மேல்சட்டையைக் கழற்றி மடித்தான். பேழையின் விளிம்பில் உட்கார்ந்தான். "இருபது லட்சம் வருஷம். நம்ம கல்யாணத்துலயே நீளமான ராத்திரி" என்றான். "என்ன பாக்கறே? வா, படு."

நிறைமதி படுக்கவில்லை. அவனுடைய காதோர நரையைப் பார்த்தாள். அடுத்து மூடி திறக்கும்போது அந்த நரை அப்படியே இருக்கும். மன்றம் எழும். இரண்டாம் மடையில் மறுபடி காவல் அமைப்பார்கள், யாராவது ஒருவரை, ஓராண்டுக்கு ஒருவராக. விழித்திருப்பதை எந்த விதியும் தடுக்காத ஒரு காலம் உண்டென்றால் அது இதுதான். யாருடைய செவியும் தேயாது, யாருடைய காவலும் குலையாது. விழித்திருப்பவர்கள் முப்பது, நாற்பது ஆண்டுகளில் மூப்படைந்து இந்த ஊரிலேயே செத்துப்போவார்கள், அவ்வளவுதான். மூடிய நாற்பதாயிரம் பேழைகளுக்கு நடுவே வேறொரு மனிதக் குரலை அவர்கள் இனிக் கேட்கப்போவதில்லை. கலைக்காமல் விட்ட அந்த விண்மீன் பற்றிக்கொள்வதையும் பார்க்கப்போவதில்லை.

 அவன் கையைப் பிடித்தாள்.

"என்ன நிறை? பயமா இருக்கா?"

"ஆமா."

"எதுக்கு?"

அவள் இரண்டு தடவை வாயைத் திறந்து மூடினாள். மூன்றாம் தடவை குரல் வந்தது. தன் குரலே இவ்வளவு சிறிதாக இருக்கும் என்று அவள் நினைக்கவில்லை.

"நீங்க இனிமே தூங்கப் போகாதீங்க. நானும் போகல. நாம ரெண்டு பேரும் இப்படியே முழிச்சிருந்து, சேர்ந்து கிழமாகி, செத்துப்போயிடலாமா?"